சக்கின் முதுகில் சந்தனம்

மாத்தளையில் தொழிற்பயிற்சி வகுப்பு நடத்தும் தம்பி ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய வகுப்புக்கு யாரோ ஒரு சின்ன லேத்தை இனாமாகக் கொடுத்திருக்கிறார்களாம். மேசைமேல் வைத்து ஓட்டும் வகை. பொழுதுபோக்காக இரும்பு கடைகிறவர்கள் வீட்டில் வைத்திருப்பார்களே, அது. “ஐயா, நீங்க தோட்டத்துல அந்த மாதிரி லேத்துலதானே வேல பாத்தீங்க? உருக்குக் கம்பிய எப்பிடி அறுக்கிறது, எப்பிடிப் புடிக்கிறதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க. பயலுகளுக்கு வாசிச்சுக் காட்டுறேன்” என்றார்.

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. சரி என்று உட்கார்ந்தேன். ‘லேத்தின் சக்கைக் கழற்றினால் அதன் முதுகைத் துடைக்காமல் திரும்ப மாட்டக் கூடாது’ என்று முதல் வரியை எழுதினேன். அதோடு பேனா நின்றுவிட்டது. ஏன் துடைக்க வேண்டும் என்று ஒரு பயலாவது கேட்பான். அழுக்கு இருக்கும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் நான் பார்த்தது அழுக்கு இல்லை. ஆகவே தம்பி கேட்ட கட்டுரை இது இல்லை. வேண்டுமானால் வாசிக்கட்டும், வேண்டாமென்றால் விடட்டும்.

எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மெசின்களைப் பழுதுபார்க்கும் பிட்டராக இருந்தேன். அப்பாவும் அம்மாவும் கொழுந்து மலைக்குப் போனவர்கள். என்னை ஸ்டோரில் எண்ணெய் போடச் சேர்த்துவிட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். ஓடுகிற பட்டைகளுக்கு நடுவே எண்ணெய் டின்னோடு சில வருஷம் திரிந்தேன். பிறகு பலாபத்வலையில் ஒரு கராஜில் கொஞ்ச காலம் திட்டு வாங்கினேன். திரும்பி வந்தபோது சின்ன பிட்டர் என்று பெயர் கொடுத்தார்கள். பயிற்சி என்று சொல்லிக்கொள்ள வேறு ஒன்றும் இல்லை.

பெரிய பிட்டர் காசிம் நானா. மாத்தளை டவுன் முஸ்லிம் ஆள், அவர்கள் பேச்சில் அண்ணனுக்கு நானா. வாரம் முழுவதும் ஸ்டோருக்குப் பக்கத்துக் குவாட்டர்ஸில் தங்குவார், வெள்ளிக்கிழமை பள்ளிக்கு இறங்கிப் போவார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. என் வேலை பிடிக்கவில்லையென்றால் கையிலிருக்கும் அரத்தை மெதுவாக வாங்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பிளேன்டீ குடிப்பார். குடித்து முடித்து வந்து, “மறுகா ஒருக்கா பாப்பமா தம்பி” என்பார். அந்தப் பிளேன்டீ நேரம் போல என் வாழ்க்கையில் நீண்ட நேரம் வேறில்லை. நாலு திட்டுத் திட்டினால் தேவலாம் என்று இருக்கும்.

லேத்து, தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய துரையுடையது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. பங்களாக் கராஜில் வைத்துப் பொம்மை நீராவி எஞ்சின்கள் செய்வார். டவுன் பட்டறையில் சாமான் கொடுத்தால் வாரக்கணக்கில் திரும்பி வராது என்பதால், சின்னச் சின்ன வேலைக்கு என்று அதை ஸ்டோரின் எஞ்சின் அறைக்கு இறக்கிக் கொடுத்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆட்கள் அதற்குப் பொம்மை லேத்து என்று பேர் வைத்தார்கள். என்னைப் பொம்மை பிட்டர் என்றும் சொன்னார்கள். துரை வாரத்துக்கு ஒருமுறையாவது வந்து அதைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்.

அந்த லேத்தில் வேலை செய்வது பெரிய லேத்தைவிடக் கஷ்டம். கம்பியை முழு நீளத்துக்கு உள்ளே விட முடியாது, அதன் சுழலும் தண்டின் துளை அவ்வளவு சிறியது. ஆகவே முதலில் கம்பியை அறுத்துக்கொள்ள வேண்டும். காசிம் நானா மேசையில் பூட்டிய இடுக்கியான வைஸில் பழைய சாக்குத் துணி வைத்துக் கம்பியை இறுக்குவார். கொஞ்சம் நீளம் கூட்டியே குறி போடுவார். வாளை முதல் இரண்டு மூன்று தடவை பின்பக்கமாகவே இழுத்து ஒரு தடம் பதித்துக்கொண்டு, பிறகுதான் முன்னே தள்ளுவார். தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு விடுவார். வாள் முழு நீளத்துக்கும் போய்வர வேண்டும். நான் நடுப்பல்லில் மட்டும் கிறுக்குக் கிறுக்கென்று அறுத்தால் பிளேன்டீ குடிக்கப் போய்விடுவார்.

அறுத்த துண்டைச் சக்கில் பிடிக்க வேண்டும். கம்பியைக் கவ்வும் மூன்று பல் உள்ள உருண்டைக்குச் சக்கு என்று பெயர். சுழலும் தண்டின் மூக்கில் அது திருகி ஏறும். ஏறி முடிந்ததும் அதன் முதுகு, தண்டின் தோளில் சுற்றிலும் ஒரே சீராக ஒட்டி உட்கார வேண்டும். ஒரு பக்கம் ஒரு நூல் அளவு எதுவும் இடையில் இருந்தால் சக்கு சாய்ந்துவிடும். பிடித்த கம்பியும் சாயும். கண்ணுக்குத் தெரியாது. அதற்குத்தான் நானா லேத்தை மெதுவாகச் சுழலவிட்டு, கம்பிக்குப் பக்கத்தில் சோக்கட்டியைப் பிடிப்பார். சுற்றிலும் வெள்ளை விழுந்தால் கம்பி நேராக நிற்கிறது. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் அந்தப் பக்கம் துருத்துகிறது என்று அர்த்தம். அப்போது சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளை ஒரு பல்லுக்கு அடியில் செருகிச் சரிசெய்வார். சக்குக்குப் பக்கத்தில் ஒருமுறை, தூர நுனியில் ஒருமுறை என்று இரண்டு இடத்தில் பார்ப்பார். இரண்டும் சரி என்றால்தான் உளியைக் கிட்டக் கொண்டுபோவார்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். எங்கள் ஸ்டோரில் அதை நடத்தி வைப்பவர் எஞ்சின் டிரைவர் முத்தையா அண்ணன். அன்று மெசின் ஓடாது. எல்லாவற்றையும் கழுவித் துடைத்து விபூதி பூசுவோம். ஸ்பேனர், சுத்தியல், அரம் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வாழையிலையில் பரப்புவோம். லயத்திலிருந்து பெண்கள் பிள்ளைகளோடு வருவார்கள். மற்ற நாளில் வாசலைத் தாண்டி வரக்கூடாத பிள்ளைகள் அன்று கொழுந்து உருட்டும் ரோலர்களுக்கு நடுவே ஓடுவார்கள். லேத்துக்கும் பூஜை உண்டு. லேத்தைத் தூக்கி இலையில் வைக்க முடியாதே, அதனால் வருஷா வருஷம் காசிம் நானாவே சக்கைக் கழற்றி முத்தையா அண்ணன் கையில் கொடுப்பார். “அதுதான் மிசின்ட கை. அதுக்குப் போடுங்கோ” என்பார். கொடுத்துவிட்டு வாசல் பக்கம் போய் நிற்பார். மறுநாள் சக்கை வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, தானே மாட்டுவார்.

நான் சொல்லவந்த வருஷம் முத்தையா அண்ணன் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் காலை நானா வருவதற்கு முன்பே, அவருக்கு வேலை மிச்சம் என்று நினைத்துத் தானே திருகி மாட்டிவிட்டார். சாமிக்கு வைத்த பொட்டை நாமாக அழிக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் பழக்கம். ஆகவே முத்தையா அண்ணன் எதையும் துடைக்கவில்லை. முன்பக்கம் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. நானா பார்த்துச் சிரித்துவிட்டு, “மாப்பிள்ள மாதிரி ஈக்கி” என்றார். பின்பக்கமும் பூசியிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

அதற்கடுத்த நாட்களில் மழை விழுந்து கொழுந்து பொங்கியது. மலையிலிருந்து சாக்குச் சாக்காக வந்து குவிந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ரோலரில் உருட்டின கொழுந்தைக் கட்டி உடைத்துச் சலிக்கும் சல்லடை மெசினில் பின் என்கிற இரும்பு முளை ஒன்று முறிந்தது. சின்னப் பின்தான், கைக்குள் அடங்கும். ஆனால் அது இல்லாமல் சல்லடை ஆடாது. சல்லடை ஆடாவிட்டால் உருட்டின கொழுந்து கட்டியாகவே கிடந்து சூடேறிப் புளித்துவிடும். துரை பங்களாவிலிருந்து ஓடி வந்து லேத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

“காசிம், எவ்வளவு நேரம் மேன்?”

“இப்ப முடிஞ்சிரும் தொரை.”

நானா கம்பியை அறுத்தார். ஒரு பாதியைக் கடைந்தார். பிறகு திருப்பிப் போட்டு, கடைந்த பாதியைச் சக்கில் பிடித்தார். சோக்கட்டி வைத்தார். ஒரு பக்கம் மட்டும் வெள்ளை விழுந்தது. ஈயத்தாள் செருகினார். மறுபடி வைத்தார், சுற்றிலும் விழுந்தது. இனித் தூர நுனியில் பார்க்க வேண்டும். துரை பூட்ஸ் காலால் தரையைத் தட்டினார். “கொழுந்து நாறுது மேன், சீக்கிரம்” என்றார். நானா சோக்கட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உளியை எடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பின் முடிந்தது. எந்த இடத்தில் அளந்தாலும் பருமன் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு பாதியும் ஒரே நேரில் இல்லை. அது அளவில் தெரியாது, ஓடும்போதுதான் தெரியும். சல்லடையில் போட்டு ஓட்டினோம். முதலில் லேசாகத் தட்டியது. பிறகு சூடேறியது. பிற்பகல் கொழுந்து வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போதே, பின்னைத் தாங்கும் வார்ப்பு இரும்புச் சட்டம் குறுக்கே பிளந்து சல்லடை ஒரு பக்கமாக விழுந்தது. வார்ப்பு இரும்பை அங்கே ஒட்ட வழியில்லை. உருட்டின கொழுந்தெல்லாம் புளித்துப் போய், கூடை கூடையாகப் பள்ளத்தில் கொட்டப்பட்டது. பறித்த பெண்களே அதைச் சுமந்து கொட்டினார்கள்.

துரை எல்லோரையும் ஸ்டோர் வாசலில் நிற்க வைத்தார். பின்னைக் கையில் உருட்டிக்கொண்டே, “காசிம், நீ கெழவன். கண்ணு இல்ல, கை இல்ல. நாளைக்கு வரவேணாம்” என்றார். கொழுந்து கொட்டிவிட்டு வந்த பெண்கள்கூட நின்று பார்த்தார்கள்.

“என்ட பிழதான் தொரை” என்றார் நானா.

உள்ளே போய்த் தன் சாமான்களை ஒதுக்க ஆரம்பித்தார். லேத்தைத் துடைத்துத் தரவேண்டும் என்று சக்கைத் திருகிக் கழற்றினார். அதன் முதுகைப் பார்த்ததும் கை நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. அதில் குங்குமம். நடுவில் மஞ்சள் தடவிய அட்சதை அரிசி ஒன்று நசுங்கித் தகடாகப் பதிந்திருந்தது.

“நானா, இது...” என்றேன்.

அவர் கட்டைவிரல் நகத்தால் அந்த அரிசியைச் சுரண்டி எடுத்தார். வேஸ்ட் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துச் சுற்றிலும் துடைத்தார். “ஒனக்கி ஒண்டும் தெரிய வாண்டாம்” என்றார்.

“தொரைக்கிட்ட சொன்னா வேலைய விட்டு நிப்பாட்ட மாட்டாருங்க நானா.”

“என்ன நிப்பாட்ட மாட்டான். முத்தையாவ நிப்பாட்டுவான். லயத்தால எறக்கினா அவன் புள்ளகளோட எங்க போற? எனக்கி டவுன்ல வாப்பாட ஊடு ஈக்கி. மறுகா பூசையயும் நிப்பாட்டிருவான். வருசத்துல அந்த ஒரு நாள்தான் ஒங்கட ஆக்கள் இந்த ஸ்டோருக்குள்ள தலய நிமித்திக்கிட்டு வார. அத ஏன் கெடுக்கிற?” என்றார். பிறகு சக்கை என் கையில் வைத்து, “தூர நுனிய நான் பாக்கல்லதானே. அது பொய் இல்லியே” என்றார்.

அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் சாமிக்குப் போட்ட சந்தனம் ஒரு முஸ்லிம் மனுஷனின் சோற்றில் விழுந்துவிட்டதே என்று வெட்கமாக இருந்தது. விடிந்ததும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போனேன். பின்வாசல் பக்கம் நின்றேன். துரை வந்தார். மாட்டியது யார் என்று சொல்லாமல், மற்றதையெல்லாம் சொன்னேன். பூஜைக்குச் சக்கைக் கழற்றியது, பொட்டை அழிக்காதது, முதுகில் அரிசி இருந்தது, எல்லாம்.

துரை கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் சிரித்தார். முகம் சிவக்க, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மனைவி துரைசாணியைக் கூப்பிட்டு இங்கிலீஷில் சொன்னார், அவரும் சிரித்தார். எனக்குப் புரிந்த ஒரே சொல் பட்டர். ரொட்டிக்குப் பட்டர் பூசுவதுபோல லேத்துக்குப் பூசிவிட்டார்கள் என்றிருக்க வேண்டும். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “சரி, காசிமை வரச்சொல். ஆனா இனி என் லேத்துக்கு ஒங்க சாமி வேணாம். ஸ்டோருக்குள்ளயே வேணாம்” என்றார்.

நான் டவுனுக்குப் போய் நானாவிடம் சொன்னேன். அவர் வெற்றிலைத் தட்டைத் தள்ளி வைத்தார். சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய மடத்தனம்.

“ஒன்ன ஆரு கேட்ட?” என்றார்.

மறுவாரம் வேலைக்கு வந்தார். வரத்தான் வேண்டியிருந்தது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. பழையபடி “தம்பி” என்றுதான் கூப்பிட்டார். ஆனால் என் வேலை பிடிக்கவில்லையென்றால் அரத்தை வாங்கி வைப்பதை விட்டுவிட்டார். தானே எடுத்துச் செய்துகொண்டார். நான் பிழை செய்தாலும் பிளேன்டீ குடிக்கப் போகவில்லை.

முத்தையா அண்ணன் அப்படியில்லை, நேரே கேட்டார். “ஏன்டா தம்பி, நம்ம சாமிய வெள்ளக்காரன் சிரிக்கிறதுக்கா காட்டிக் குடுத்த? எங்கிட்ட வந்து சொல்லியிருந்தா நானே போயி என் தப்புன்னு சொல்லியிருப்பேனே. லயத்த விட்டு எறங்கியிருப்பேன். மானத்தோட எறங்கியிருப்பேன்.” நான் அவரிடம் போகவே நினைக்கவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். அவருக்கும் ஒரு வாய் இருக்கிறது, அவரிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

கதை துரைமார் கூடும் கிளப்புக்குப் போய்விட்டது. பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்டோருக்கு வர ஆரம்பித்தார்கள். “பிட்டர், காட்டு” என்பார் எங்கள் துரை. நான் சக்கைக் கழற்றி முதுகைத் திருப்பி, சந்தனம் எங்கே இருந்தது, அரிசி எங்கே இருந்தது என்று விரலால் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அவர்கள் சிரித்தார்கள். முதல் தடவை உடம்பெல்லாம் கூசியது. பிறகு பழகிவிட்டது. விரல் தானாகவே அந்த இடத்துக்குப் போகும். பழகியது அதைவிடக் கேவலம் என்று இப்போது தோன்றுகிறது. அந்த நேரமெல்லாம் காசிம் நானா வைஸில் எதையாவது இறுக்கிக்கொண்டு முதுகைக் காட்டி நிற்பார்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. லயத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கோயிலில் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தார்கள். பூஜைக்கு முந்தின நாள் துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். நல்ல குஷியில் இருந்தார். கொழும்பிலிருந்து சினேகிதர்கள் வருகிறார்கள், லேத்து பூஜையை அவர்கள் பார்க்க வேண்டுமாம். “நாளைக்கு ஒரு நாள் சாமி வரலாம். ஆள் எல்லாம் வரச்சொல், பொம்பள, புள்ள எல்லாம்” என்றார். நான் லயத்துக்குப் போய்ச் சொன்னேன். முத்தையா அண்ணன் கேட்டுவிட்டுக் கோயில் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை ஸ்டோரில் எல்லாம் தயாராக இருந்தது. துரையின் சமையல்காரனான அப்பு தாம்பாளத்தில் வாழைப்பழம், பூ, சந்தனம், குங்குமம் எல்லாம் பங்களாவிலிருந்தே கொண்டுவந்து வைத்திருந்தான். துரை, துரைசாணி, விருந்தாளிகள், அவர்கள் கழுத்தில் கமராக்கள். காசிம் நானா சக்கைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். ஆட்களுக்காகக் காத்திருந்தோம். லயத்திலிருந்து யாரும் வரவில்லை. ஒரு பிள்ளைகூட வரவில்லை. கீழே கோயிலில் மணி அடிப்பது கேட்டது.

விருந்தாளிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். துரையின் முகம் மாறியது. காசிம் நானாவை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்குப் பயம் வந்துவிட்டது. நானாவைத் திரும்ப எடுத்தது தன் தயவு என்று நினைத்திருந்த மனிதர் அவர். ஊரே சேர்ந்து தன் முகத்தில் கரி பூசியதற்கு யார் தலையில் விடியும் என்று எனக்குத் தெரியும். நானா மறுபடி அந்த வாசலில் நின்று கெழவன் என்ற பேச்சைக் கேட்பதை என்னால் பார்க்க முடியாது.

“நீ செய்” என்றார் துரை என்னைப் பார்த்து.

நானா மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி, “வாண்டாம் தம்பி” என்றார். “எனக்காண்டி வாண்டாம்.”

நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன். எனக்கு மந்திரம் தெரியாது. முத்தையா அண்ணன் சொல்வதில் ஞாபகம் இருந்த இரண்டு சொல்லை முணுமுணுத்தேன். சந்தனத்தை எடுத்துச் சக்கின் முன்பக்கம் வைத்தேன். “பின்னால, பின்னால” என்றார் துரை. எல்லோரும் சிரித்தார்கள். சக்கைத் திருப்பினேன். முதுகில் சந்தனத்தை வழித்துப் பூசினேன். “அரிசி?” என்று ஒருவர் இங்கிலீஷில் கேட்டது புரிந்தது. ஒரு அரிசியை எடுத்து நடுவில் வைத்து விரலால் அழுத்தினேன். கமராக்கள் சடசடவென்று அடித்தன. நான் நிமிர்ந்தபோது நானா அங்கே இல்லை.

அதற்குப் பிறகும் அந்த ஸ்டோரில் வருஷக்கணக்கில் வேலை செய்தேன். காசிம் நானா ஓய்வு பெறும்வரை அவரோடுதான் இருந்தேன். அவரை யாரும் நிறுத்தவில்லை. ஸ்டோருக்குள் பூஜை மட்டும் அதற்குப் பிறகு நடக்கவில்லை. துரை ஊருக்குக் கப்பல் ஏறும் முன் என்னைக் கூப்பிட்டு, அன்று எடுத்த படம் ஒன்றை ஞாபகமாக வைத்துக்கொள் என்று கொடுத்தார். பெட்டிக்கு அடியில் இருக்கிறது. நான் சந்தனம் வழியும் சக்கை இரண்டு கையாலும் தூக்கிக் கமராவுக்குக் காட்டுகிறேன். கட்டாயப்படுத்தியதால்தான் செய்தேன் என்று பிள்ளைகளிடம் சொல்லலாம் என்றால், அந்தப் படத்தில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.